எதிரணிக்கு நிதி: கீழூர் முதல் கொளத்தூர் வரை

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலை மதகடிப்பட்டில் புதுச்சேரி எல்லைக்குள் நுழைகிறது. திருபுவனை, திருவண்டார்கோயில் தாண்டியதும் கண்டமங்கலத்தில் மறுபடி தமிழ்நாடு. சற்று தூரத்தில் அரியூர், மீண்டும் புதுச்சேரி. மதுக்கடைகளும் பெட்ரோல் விலையும் மாறுவதை வைத்துத்தான் இன்றைய பயணிக்கு இந்த எல்லை தெரிகிறது. 1954இல் அது இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் நடுவில் கிடந்த சர்வதேச எல்லை. 1941இல் ஏற்பட்ட சுங்க ஒப்பந்தம் 1949இல் முடிவுக்கு வந்ததும் இந்தச் சாலையில் சுங்கச் சாவடிகள் முளைத்தன. கண்டமங்கலத்து விவசாயி நெல் மூட்டையோடு வில்லியனூர்ச் சந்தைக்குப் போவது ஏற்றுமதி ஆனது.

ஓர் அரசு, வேறொரு நாட்டு அரசை எதிர்க்கும் குழுக்களுக்கு இடமும் பணமும் கொடுக்கலாமா, கொடுத்தால் யாரிடம் ஒப்புதல் பெற்றுக் கொடுக்க வேண்டும் என்ற கேள்வியை ஆராய இந்த எல்லையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்கா இதற்கென்றே வெளிப்படையாகச் சட்டம் போட்ட நாடு. 1998 அக்டோபர் 31 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட ஈராக் விடுதலைச் சட்டம், சதாம் உசேனை எதிர்க்கும் குழுக்களுக்கு 9.7 கோடி டாலர் வரை ராணுவ உதவியும், வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்புக்கு 20 லட்சம் டாலரும் வழங்க அனுமதித்தது. பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 360, எதிர்ப்பு 38. அணிசேராக் கொள்கை பேசிய நாம் இப்படியெல்லாம் செய்ததில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். செய்திருக்கிறோம். சட்டம் போடாமல் செய்தோம் என்பதுதான் வேறுபாடு. அந்த வேறுபாடு நமக்கு நன்மை தரவில்லை என்பது என் முடிவு.

முதலில் பிரெஞ்சிந்தியா. 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஒவ்வொரு பிரெஞ்சுப் பகுதியும் தன் எதிர்காலத்தை வாக்கெடுப்பில் முடிவு செய்ய வேண்டும். சந்திரநாகூர் 1949 ஜூனில் வாக்களித்தது: இணைப்புக்கு 7,473 வாக்குகள், எதிராக வெறும் 114. அதன் பிறகு மற்ற நான்கு பகுதிகளில் வாக்கெடுப்பு தள்ளிக்கொண்டே போனது. புதுச்சேரியில் ஆட்சி நடத்திய பிரெஞ்சிந்திய சோசலிஸ்டுக் கட்சி பிரான்சின் பக்கம் நின்றது. அதன் தலைவர் எதுவார் குபேர் பாரிஸ் நாடாளுமன்றத்தில் உறுப்பினராகவும் இருந்தவர். இணைப்புக்காகப் போராடிய வ. சுப்பையாவின் வீடு 1950 ஜனவரியில் எரிக்கப்பட்டது. பிரெஞ்சு எல்லைக்குள் இயங்க முடியாதவர்களுக்கு கோட்டக்குப்பம் போன்ற இந்திய எல்லை ஊர்கள் புகலிடம் ஆயின. புதுச்சேரியை மூன்று பக்கமும் சூழ்ந்திருந்த தென்னார்க்காடு மாவட்டத்தில், நாலு எட்டு வைத்தால் பிரெஞ்சுப் போலீசின் கை எட்டாது.

1954 மார்ச்சில் காற்று திசை மாறியது. மார்ச் 18 அன்று ஆட்சிக் குழுவினரும் மேயர்களும் வாக்கெடுப்பே இல்லாமல் இந்தியாவுடன் இணைய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். குபேரே அணி மாறியிருந்தார். அந்த மாத இறுதியில் நெட்டப்பாக்கம் காவல் நிலையம் இணைப்பு ஆதரவாளர்கள் வசமானது, மூவர்ணக்கொடி ஏறியது, அங்கே ஒரு தற்காலிக அரசு அமைந்தது. பிரெஞ்சுப் போலீஸ் போய் ஏன் மீட்கவில்லை? விடை வரைபடத்தில் இருக்கிறது. நெட்டப்பாக்கம் நாலாபக்கமும் இந்திய நிலத்தால் சூழப்பட்ட துண்டு. புதுச்சேரி நகரத்திலிருந்து அங்கே போக வேண்டுமானால் இந்திய மண்ணைக் கடந்தாக வேண்டும். அந்த வழியை இந்தியா அடைத்தது. பயணத்துக்கு அனுமதிச் சீட்டு வந்தது, சரக்குப் போக்குவரத்து நெருக்கப்பட்டது. ஒரு படைவீரனும் எல்லை தாண்டவில்லை. எதிரணிக்கு அன்று இந்தியா கொடுத்த மிகப் பெரிய உதவி பணமோ ஆயுதமோ அல்ல. அரசு துரத்த முடியாத ஓர் இடம்தான் அந்த உதவி.

இந்த நாட்களில்தான், 1954 ஏப்ரல் 29 அன்று, திபெத் வணிகம் குறித்து இந்தியாவும் சீனாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பஞ்சசீலம் அதன் முகவுரையில் இருக்கிறது. ஒருவர் உள்விவகாரத்தில் மற்றவர் தலையிடாமை அதன் ஐந்து கொள்கைகளில் ஒன்று. நேரு இதில் முரண்பாடு கண்டிருக்க மாட்டார். காலனி ஆட்சி எந்த நாட்டின் உள்விவகாரமும் அல்ல என்பது அவர் வாதம். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. ஆனாலும் இந்த வாதத்தை நாடாளுமன்றம் ஒரு சட்டமாக எழுதி வைக்கவில்லை. எங்கே தலையிடலாம், எங்கே கூடாது என்ற கோடு பிரதமரின் மனதில் மட்டும் இருந்தது.

அன்று அது பெரிய சேதம் விளைவிக்காமல் போனதற்குக் காரணம் அந்தப் போராட்டம் முடிந்த விதம். 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர்ப் பக்கம் உள்ள கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இணைப்புக்கு 170 பேர், எதிர்ப்பு 8 பேர். மூன்று நாள் கழித்து டெல்லியில் உடன்பாடு, நவம்பர் 1 அன்று நடைமுறை மாற்றம், 1956 மே 28 அன்று உரிமை மாற்ற ஒப்பந்தம், 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியான இணைப்பு. கீழூரில் மக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை என்ற குறை இன்றும் சொல்லப்படுகிறது; அது உண்மையான குறைதான். ஆயினும் கேள்வி என்ன, பதில் சொன்னது யார், எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்பது எழுத்தில் நிற்கிறது. எதிர்த்த எட்டுப் பேரும் கணக்கில் இருக்கிறார்கள்.

1971இலும் பகிரங்கமான ஒரு தாள் இருந்தது. அந்த ஆண்டு மார்ச் 31 அன்று கிழக்கு வங்க மக்களின் போராட்டத்துக்கு ஆதரவு தெரிவித்து இந்திரா காந்தி முன்மொழிந்த தீர்மானத்தை நாடாளுமன்றம் ஒருமனதாக ஏற்றது. அது சட்டம் அல்ல, நிதி ஒதுக்கீடும் அல்ல. இருந்தாலும் அந்தப் போராட்டத்தின் படையான முக்தி வாகினிக்கு உதவிய நாடு அந்த உதவியின் நோக்கத்தை முதலில் அவையில் சொல்லிவிட்டே செய்தது.

1983இல் இந்த அளவுகூட இல்லை.

அந்த ஆண்டு இலங்கையில் நடந்த ஜூலைக் கலவரத்தில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன, வெலிக்கடைச் சிறையில் தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். தமிழ்நாடு கொதித்தது; அந்தக் கொதிப்பு உண்மையானது. ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று இங்கே தெருவில் இறங்கிய யாரையும் குறை சொல்ல மாட்டேன். அந்த உணர்ச்சியை அரசு என்னவாக மாற்றியது என்பதுதான் என் கேள்வி. சில மாதங்களில் ஈழத்தமிழ் ஆயுதக் குழுக்களான டெலோ, ஈரோஸ், ஈ.பி.ஆர்.எல்.எஃப்., விடுதலைப் புலிகள் இயக்கத்தினர் டேராடூன் பக்கம் இந்திய உளவு அமைப்பான 'ரா'விடம் ஆயுதப் பயிற்சி பெற்றார்கள். பிறகு தமிழ்நாட்டிலேயே முகாம்கள் எழுந்தன. மேட்டூரை அடுத்த கொளத்தூரில் புலிகள், ஒரத்தநாட்டுப் பக்கம் புளொட் என்ற இன்னோர் இயக்கம். 1984 மார்ச்சில் 'இந்தியா டுடே' இந்த முகாம்களைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. அப்படி எந்த முகாமும் இல்லை என்றே டெல்லி மறுத்துக்கொண்டிருந்தது. முகாம் இல்லை என்று அவையில் சொன்ன பிறகு, முகாமுக்கான செலவை அவையில் எப்படிக் கேட்பது?

இதற்குள் இன்னொரு சட்டச் சிக்கல் உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு 1860 முதல் நம்மிடம் இருந்தது. இந்தியாவோடு சமாதானமாக உள்ள எந்த ஆசிய அரசுக்கு எதிராகவும் போர் தொடுப்பதும், அதற்கு உடந்தையாக இருப்பதும் ஆயுள் தண்டனை வரை விதிக்கத்தக்க குற்றம் என்றது அந்தப் பிரிவு. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது 153ஆம் பிரிவாக, ஆசிய அரசு என்பது அயல்நாட்டு அரசு என்று விரிவாக்கப்பட்டு, தொடர்கிறது. இலங்கையோடு நாம் போரில் இல்லை, தூதரகங்கள் இயங்கின. சட்டப் புத்தகத்தை அப்படியே படித்தால் கொளத்தூரில் பயிற்சி எடுத்த இளைஞனும், அவனுக்கு அரிசி அளந்த உள்ளூர்க்காரரும், துப்பாக்கி கொடுத்த அதிகாரியும் ஒரே கூண்டில் நிற்க வேண்டியவர்கள். ஆயுதப் பயிற்சியை நாடாளுமன்றம் சட்டமாக அனுமதித்திருந்தால் இந்த மூவருக்கும் பாதுகாப்பு இருந்திருக்கும். அனுமதி இல்லாததால் பாதுகாப்பும் இல்லை. பின்னாளில் காற்று மாறியபோது முதல் இரண்டு வகையினர் வழக்குகளில் சிக்கினார்கள். மூன்றாம் வகையினர் எவரும் சிக்கவில்லை.

பணத்தின் கதை இன்னும் தெளிவானது. புலிகள் தரப்பின் அன்ரன் பாலசிங்கம் பின்னாளில் எழுதிய நினைவுகளின்படி, முதல்வர் எம்.ஜி.ஆர். தன் இராமாவரம் வீட்டில் வைத்துப் புலிகளுக்கு 2 கோடி ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தார். அடுத்த முறை ஈழத்தமிழர் நிவாரணம் என்ற பெயரில் காசோலையாக 4 கோடி வந்தது. கொழும்பு எதிர்ப்புத் தெரிவித்தது, டெல்லி தலையிட்டது, காசோலை திரும்பிப் போனது, அதே தொகை ரொக்கமாகக் கைமாறியது. பெற்றவர் பக்கத்துச் சாட்சியம் இது என்பதை மறக்கக் கூடாது. ஆனால் 1987 ஏப்ரலில் எம்.ஜி.ஆர். நிவாரணத்துக்கு என்று 4 கோடி ரூபாயை வெளிப்படையாகவே அறிவித்ததும், இலங்கை அதைக் கண்டித்ததும் எல்லோரும் அறிந்த வரலாறு. பாலசிங்கம் சொன்ன கதையில் என்னை உறுத்துவது, காசோலையாக வந்தபோது தடுக்கப்பட்ட பணம் கட்டாக வந்தபோது தடுக்கப்படவில்லை என்பதே. கேள்வி கேட்க வாய்ப்புள்ள வழி அடைபட்டது, கேள்விக்கு இடமில்லாத வழி திறந்திருந்தது.

ஒரு மாநில அரசு அயல்நாட்டு இயக்கத்துக்குப் பணம் கொடுக்க அரசமைப்புச் சட்டம் இடம் தருகிறதா? வெளியுறவு ஏழாம் அட்டவணையின் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. மாநிலம் அதில் சட்டம் இயற்ற முடியாது. ஆனால் 282ஆம் உறுப்பு, சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லாத விஷயத்திலும் 'பொதுநோக்கம்' ஒன்றுக்காக மாநிலம் மானியம் தரலாம் என்கிறது. நிவாரணம் பொதுநோக்கம் ஆகலாம், ஆயுதம் ஆகாது. பை ஒன்றுதான் என்றால் அதை எப்படிப் பிரிப்பது? 2022இல் இதற்கு நேர்மையான ஒரு முன்மாதிரி கிடைத்தது. இலங்கை பொருளாதாரம் நொறுங்கியபோது ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை ஒருமனதாகத் தீர்மானம் போட்டு, மத்திய அரசின் அனுமதி கேட்டு, 40,000 டன் அரிசியும் 500 டன் பால்பவுடரும் மருந்துகளும் தர முன்வந்தது. என்ன பொருள், எவ்வளவு, யார் வழியாக என்பதெல்லாம் அவைக் குறிப்பில் உள்ளன.

மத்திய அரசின் பணத்துக்கு வருவோம். 'ரா' 1968 செப்டம்பரில் நிர்வாக ஆணை ஒன்றால் பிறந்த அமைப்பு. அதற்கென நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இன்றுவரை கிடையாது. உளவுத் துறையின் ரகசியச் செலவில் தணிக்கைத் தலைவர் ரசீதுகளைத் திறந்து பார்ப்பதில்லை. குறிப்பிட்ட அதிகாரி தரும் சான்றிதழோடு விஷயம் முடிந்துவிடும். 2011இல் மக்களவை உறுப்பினர் மணீஷ் திவாரி உளவு அமைப்புகளைச் சட்டத்துக்குள் கொண்டுவரத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். வெளிநாட்டுப் பணம் நம் கட்சிகளுக்குள் வராமல் தடுக்க, நெருக்கடி நிலையின்போதே, 1976இல், அயல்நாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் வந்துவிட்டது. 2010இல் அது புதுச் சட்டமாகி, பல முறை இறுக்கப்பட்டது. பிறர் நம் அரசியலில் பணம் போடுவதை ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று கருதிய அதே நாடாளுமன்றம், நாம் பிறர் அரசியலில் பணம் போடுவதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

சட்டம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. அமெரிக்காவே சாட்சி. நிகரகுவாவின் சான்டினிஸ்டா அரசை எதிர்த்த கான்ட்ராக்களுக்கு 10 கோடி டாலர் வழங்க 1986 ஜூன் 25 அன்று பிரதிநிதிகள் சபை வாக்களித்தது. இரண்டு நாள் கழித்து ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஆயுதமும் பயிற்சியும் கொடுப்பது படைபலத்தைப் பயன்படுத்துவதற்குச் சமமாகலாம் என்றும், வெறும் பணம் கொடுப்பது அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் உள்விவகாரத் தலையீடுதான் என்றும் அந்தத் தீர்ப்பு பிரித்துச் சொன்னது. உள்நாட்டுச் சட்டம் அனுமதித்தது என்பதால் சர்வதேசக் குற்றம் குற்றம் இல்லாமல் போகவில்லை. ஈராக் விடுதலைச் சட்டம் இன்னும் மோசமான பாடம். உதவிக்கென எழுதிய அந்தச் சட்டம், 2002இல் போருக்கு அதிகாரம் கொடுத்த தீர்மானத்தில் ஒரு காரணமாக மேற்கோள் காட்டப்பட்டது.

அப்படியும் சட்டத்தின் பக்கமே நான் நிற்கிறேன். போலண்டு திருத்தம் அதற்குக் காரணம். கான்ட்ராக்களுக்கு உதவியதைக் கேள்விப்பட்ட அமெரிக்க நாடாளுமன்றம் அந்தத் திருத்தத்தால் 1982இல் உதவியைக் குறுக்கியது, 1984இல் ஏறக்குறைய நிறுத்தியது. சட்டம் இருந்ததால்தான் அதை மீறியது குற்றமானது. ஈரானுக்கு ஆயுதம் விற்ற பணத்தைக் கான்ட்ராக்களுக்குத் திருப்பிவிட்டது 1986 நவம்பரில் அம்பலமானபோது, விசாரணைக் குழுக்கள் அமைந்தன, தொலைக்காட்சியில் சாட்சியம் ஒளிபரப்பானது, அதிகாரிகள் நீதிமன்றம் ஏறினார்கள். சில தண்டனைகள் மேல்முறையீட்டில் ரத்தாயின, சிலருக்கு மன்னிப்பு கிடைத்தது. ஆயினும் நடந்தது என்ன என்று அந்நாட்டு மக்களுக்குத் தெரியும்.

அதே 1986 நவம்பரில் நம் ஊரில் என்ன நடந்தது? அந்த மாத முதல் நாள், தீபாவளியன்று, சென்னைச் சூளைமேட்டில் ஓர் ஈழ இயக்கத்தினர் சுட்டதில் உள்ளூர் இளைஞர் ஒருவர் இறந்தார். ஒரு வாரம் கழித்து, பெங்களூரில் சார்க் மாநாடு நெருங்கிய நேரத்தில், தமிழ்நாடு போலீஸ் ஒரே நாளில் இயக்கங்களின் முகாம்களைச் சுற்றிவளைத்து ஆயுதங்களைப் பறித்தது. நேற்றுவரை இல்லாத முகாம்கள் திடீரென இருந்தன. அதற்கு ஆறு மாதம் முன்பு இந்தியா பயிற்சி கொடுத்த டெலோவை இந்தியா பயிற்சி கொடுத்த புலிகள் அழித்திருந்தார்கள். டெலோவின் தலைவர் சிறீ சபாரத்தினம் மே மாதம் கொல்லப்பட்டார். எந்தக் குழுவுக்கு எதற்காகக் கொடுத்தோம், அவர்கள் ஒருவரையொருவர் கொன்றால் என்ன செய்வோம் என்று கேட்க ஓர் அவை இருந்திருந்தால் இந்தக் கேள்வி 1984லேயே வந்திருக்கும். 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கே போன இந்திய அமைதிப்படை, பயிற்சி பெற்றவர்களையே எதிர்த்துப் போரிட்டு 1,100க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. அங்கே இறந்த தமிழ்ப் பொதுமக்களின் பெயர்ப் பட்டியல்கூட நம்மிடம் இல்லை. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் அவரோடு பலரும் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகே, 1992 மேயில், புலிகள் இயக்கம் தடைசெய்யப்பட்டது. தமிழ்நாட்டு மண்ணில் இயக்கங்களுக்குக் கிடைத்த ஆதரவை விரிவாகப் பதிவுசெய்த, ராஜீவ் கொலையை விசாரித்த ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை 1997 நவம்பரில் வெளிவந்தது. அதை வைத்து குஜ்ரால் அரசைக் கவிழ்த்தார்களே தவிர, அந்த உதவியை யார் எந்த அதிகாரத்தில் கொடுத்தார்கள் என்று நாடாளுமன்றம் உட்கார்ந்து ஆராயவில்லை.

விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் வட்டாரத்தில், கடலோரம் கீழ்புத்துப்பட்டு என்ற ஊர் இருக்கிறது. கண்டமங்கலத்திலிருந்து புதுச்சேரி நகரைக் கடந்து வடக்கே போனால் வரும். அந்தப் போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்களின் முகாம் அங்கே இருக்கிறது. அரசு 2021இல் இத்தகைய முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, வீடு கட்டவும் மற்ற வசதிகளுக்குமாக 317 கோடி ரூபாய் திட்டம் அறிவித்தது. அப்போது தமிழ்நாட்டு முகாம்களில் இருந்தவர்கள் சுமார் 58,000 பேர். முகாமிலேயே பிறந்து, இங்கேயே படித்து, மணமாகி, பிள்ளை பெற்றவர்களும் அவர்களில் உண்டு. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் குடியுரிமைச் சட்டம் அவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்ற வகையில் தள்ளுகிறது. 2019 திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றை மட்டும் சேர்த்தது, இலங்கையைச் சேர்க்கவில்லை. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மலையகத் தமிழர் வழிவந்த 65 பேரின் குடியுரிமைக் கோரிக்கையை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

முகாமில் பிறந்தவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு கேட்டால், சட்டம் இடம் தரவில்லை என்பதுதான் டெல்லியின் பதில். 1983 முதல் 1987 வரை கொளத்தூருக்கும் ஒரத்தநாட்டுக்கும் போன பணத்துக்கும் ஆயுதத்துக்கும் எந்தச் சட்டம் இடம் தந்தது என்று அதே டெல்லியிடம் கேட்க இந்த முகாமில் இருப்பவர்களுக்கு உரிமை உண்டு. அவர்களுக்கு வாக்கு இல்லாததால், அந்தக் கேள்வியை எழுப்ப வேண்டியவர்கள் விழுப்புரமும் புதுச்சேரியும் தேர்ந்தெடுத்து மக்களவைக்கு அனுப்பும் உறுப்பினர்கள்தான்.